கேமரன் மலை வீடுகளில் வெந்நீர்க் குழாய்: ‘அரை இஞ்ச்’ என்று கேட்டால் மட்டும் போதாது

கேமரன் மலை – காலை ஐந்தரை மணிக்குத் தேயிலைச் சரிவுகளில் பனி விலகியிருக்காது. அந்த நேரத்தில் குளியலறையின் சிமெண்டுத் தரையில் கால் வைப்பவருக்கு வெந்நீர் சொகுசாகத் தெரியாது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி செல்சியஸ், 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி இந்த மலையில்தான் பதிவானது. தினமும் அவ்வளவு குளிர் இல்லை என்றாலும், இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்குவது இங்கே சாதாரணம்.

லயத்து வீடுகளில் நெடுங்காலம் வெந்நீர் என்றால் விறகடுப்பும் பெரிய பானையும்தான். இப்போது லயத்திலும் ஹீட்டர் வந்துவிட்டது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ சொந்த வீடு கட்டுபவர்கள், குளியலறை, சமையலறை இரண்டுக்கும் வெந்நீர் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு அறையைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு வெந்நீர் இல்லாமல் நடக்காது.

சிக்கல் ஹீட்டர் வாங்குவதில் வருவதில்லை. கடையில் விற்பவர் அதைப்பற்றி நிறையச் சொல்வார், பெட்டியிலும் எழுதியிருக்கும். சுவருக்குள் மறைந்துபோகும் குழாயையும், அதை இணைக்கும் எல்போ, டீ, சாக்கெட், வால்வு போன்ற சின்னச் சாமான்களையும் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. அவற்றில் ஒன்று பொருந்தாமல் போனாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து சுவரில் ஈரம் தெரியும். மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், ஓடு பதித்த சுவரை மறுபடியும் உடைப்பது சின்னச் செலவு அல்ல.

கிள்ளானில் கொதித்தது இங்கே வெதுவெதுப்பு

குழாய்க்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு. கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் மகன், தன் வீட்டில் நன்றாக வேலை செய்யும் 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டரையே அப்பா வீட்டுக்கும் வாங்கி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 27 டிகிரி. அதைக் குளிக்கத் தோதான 40 டிகிரிக்குக் கொண்டுவர 13 டிகிரி ஏற்றினால் போதும், நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் கிடைக்கும். மலையில் தண்ணீர் 18 டிகிரியில் வந்தால் ஏற்ற வேண்டியது 22 டிகிரி. அதே ஹீட்டர் நிமிடத்துக்கு 2.3 லிட்டர்தான் தரும். தண்ணீரை வேகமாகத் திறந்தால் சூடு போதாது, சூடு வேண்டுமென்றால் தண்ணீர் நூலாக விழும். ஹீட்டரில் பழுது எதுவும் இல்லை. இந்த ஊருக்கு அதன் சக்தி போதவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் மலையில் பலர் தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் தொட்டி ஹீட்டருக்கோ கூரைமேல் வைக்கும் சூரிய ஹீட்டருக்கோ மாறுகிறார்கள். 30 லிட்டர் தொட்டியை 18 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 3 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அந்த 60 டிகிரித் தண்ணீரோடு குளிர்ந்த நீரைக் கலந்து ஒரு குடும்பமே குளிக்கலாம்.

இந்த மாற்றம்தான் குழாய்க் கதையின் தொடக்கம். சுவரில் மாட்டும் உடனடி ஹீட்டரில் சூடான தண்ணீர் ஷவர் ஹோஸைத் தாண்டி எங்கும் போவதில்லை. சுவருக்குள் ஓடுவது பச்சைத் தண்ணீர் மட்டும், அதனால் பழைய குழாயையே வைத்துக்கொள்ளலாம். தொட்டியும் சூரிய ஹீட்டரும் வந்துவிட்டால், 60 டிகிரித் தண்ணீர் பல மீட்டர் தூரம் சுவருக்குள் ஓடும். பழைய குழாயில் அதை விடக் கூடாது.

எந்தக் குழாய் எவ்வளவு சூடு தாங்கும்?

ஹார்ட்வேர் கடைகளில் அதிகம் விற்கும் யூபிவிசி குழாய் பச்சைத் தண்ணீருக்கானது. சூடு ஏற ஏற அதன் பலம் இறங்கும். 43 டிகிரியில் அது தாங்கும் அழுத்தம் பாதியாகிவிடும். 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். குழாய் உடனே வெடித்துவிடாது. மெதுவாக இளகி, தொய்ந்து, ஒட்டிய இடங்கள் நெகிழும். ‘போட்டு ஆறு மாசமாச்சு, ஒன்னும் ஆகலையே’ என்று சொல்ல வைப்பது இந்த மெதுவான கெடுதல்தான். மலை உச்சித் தொட்டியிலிருந்து வரும் கறுப்பு பாலிஎத்திலின் குழாயும் பச்சைத் தண்ணீரோடு நின்றுகொள்ள வேண்டும்.

வெந்நீருக்கு வீடுகளில் பயன்படுபவை முக்கியமாக நான்கு. சிபிவிசி குழாய் 80 டிகிரிக்கு மேலும் தாங்கும். பசை போட்டு ஒட்டலாம். பிபிஆர் குழாய் 70 டிகிரி அளவில் நெடுங்காலம் உழைக்கும். உருக்கி ஒட்ட வேண்டும். பெக்ஸ் எனப்படும் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலின் குழாய் 95 டிகிரி வரை தாங்கும்; வளைத்து எடுத்துச் செல்லலாம் என்பதால் இணைப்புகள் குறையும். நான்காவது செம்பு, அல்லது துருப்பிடிக்காத எஃகு. சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை, விலைதான் கவலை.

பிபிஆர் வாங்கும்போது குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். பிஎன் 10 என்று இருந்தால் அது பச்சைத் தண்ணீருக்கு. வெந்நீருக்கு பொதுவாகப் பயன்படுத்துவது பிஎன் 20. சிவப்புக் கோடு போட்டிருந்தால் வெந்நீர் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் கோட்டின் நிறம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி அல்ல. அச்சிட்ட எண்ணை நம்புவதுதான் பாதுகாப்பு.

சூரிய ஹீட்டர் வைப்பவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை உண்டு. மலையில் மேகமும் மழையும் அதிகம்தான். ஆனாலும் வெயில் நன்றாக அடித்து, யாரும் தண்ணீர் பயன்படுத்தாத ஒரு பகலில் தொட்டித் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டக்கூடும். எனவே தொட்டியிலிருந்து இறங்கும் முதல் சில மீட்டர்களுக்கு செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நல்லது. பிபிஆர், பெக்ஸ் இரண்டும் வெயிலில் காய்ந்தால் நாளடைவில் நொறுங்கும். கூரைமேல் மூடாமல் விடக் கூடாது.

‘அரை இஞ்ச் எல்போ நாலு’

பொருந்தாமல் போவதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. “தவுக்கே, அரை இஞ்ச் எல்போ நாலு குடுங்க” என்றால், தவுக்கே எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பார்?

அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். ஆனால் கடையில் ‘அரை இஞ்ச்’ என்று விற்கும் எந்தக் குழாயின் வெளிவிட்டமும் 12.7 இல்லை. யூபிவிசி அரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். செம்புக் குழாய் அளவில் வரும் சிபிவிசி அரை இஞ்ச் 15.9. அதற்கு ஈடான பிபிஆர் 20. செம்பு 15. ஒரே பெயரில் நான்கு அளவுகள். பழைய இரும்புக் குழாயின் உள்ளளவைக் குறித்த பெயர் அது. குழாயின் பொருள் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதைவிடக் குழப்புவது மில்லிமீட்டர் கணக்கு. யூபிவிசியில் ‘20 மில்லிமீட்டர்’ என்றால் முக்கால் இஞ்ச் குழாய். பிபிஆரில் ‘20 மில்லிமீட்டர்’ என்றால் அரை இஞ்ச். ஒன்று உள்ளளவை ஒட்டிய பெயர், மற்றது வெளிவிட்டம். குத்தகையாளர் தாளில் ‘20 எம்எம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எந்தக் குழாய் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

15 மில்லிமீட்டர் செம்புக்குச் செய்த இணைப்பில் 15.9 சிபிவிசியை நுழைக்கப் பார்ப்பதும் நடக்கிறது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும் என்று தோன்றும். அப்படித் தேய்த்துச் சொருகிய இணைப்பு, தண்ணீர் சூடாகி ஆறும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

கடைக்குப் போகும்போது பழைய குழாயில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி எடுத்துப் போவது நல்ல பழக்கம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, சாமானைப் பொருத்திப் பார்த்து வாங்கலாம்.

மரையிலும் இதே ஏமாற்று உண்டு. மலேசியாவில் வழக்கில் உள்ளது பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் மரை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில வால்வுகள் அமெரிக்க என்பிடி மரையோடு வருகின்றன. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் ஒரு அங்குலத்துக்கு 14 புரிகள்தான். அதனால் முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். பிறகு இறுகும், ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்று தோன்றும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. எவ்வளவு வெள்ளை டேப் சுற்றினாலும் அந்த இடம் கசியும்.

ஒரு குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம்

குழாயும் அதன் இணைப்புகளும் ஒரே வகையாக, முடிந்தால் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ள பிளம்பர்கள் சொல்வது வியாபாரப் பேச்சு அல்ல. காரணம் ஒட்டும் முறையில் இருக்கிறது.

யூபிவிசி பசையும் சிபிவிசி பசையும் வேறு. பச்சைத் தண்ணீர்க் குழாயில் மிச்சமான பசையை வெந்நீர்க் குழாயில் பூசினால் அந்த நேரத்துக்குப் பிடித்துக்கொள்ளும், சூடு பட்டதும் விட்டுவிடும். சிபிவிசிக்குச் சில எண்ணெய்களும் மரையில் பூசும் சில பசைகளும் ஆகாது. குழாயில் மயிரிழை விரிசல் விழும். மரையில் வெள்ளை டேப் சுற்றினால் போதும்.

பிபிஆரை ஒட்டும் கருவி 260 டிகிரியில் இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் 5 விநாடி உருக்கி, திருகாமல் நேராக அழுத்த வேண்டும். அதிக நேரம் வைத்தால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே வழிந்து வழியை அடைத்துவிடும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. பழி ஹீட்டர்மேல் விழும். பிபிஆரையும் கறுப்பு பாலிஎத்திலினையும் உருக்கி ஒட்டவே முடியாது, இரண்டும் வேறு பிளாஸ்டிக். நடுவே மரை வைத்த பித்தளை இணைப்புதான் வழி.

பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாறும் இடம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு: ஹீட்டர் வாய், வால்வு, ஷவர். அங்கே முழுப் பிளாஸ்டிக் மரை வேண்டாம். உள்ளே பித்தளை பதித்த இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டி ஹீட்டரோடு குழாயை நேரடியாக இணைக்காமல், நடுவே நெளிவுள்ள துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் போடுவது நல்லது. பச்சைத் தண்ணீர் நுழையும் பக்கத்திலும் இதைச் செய்யலாம். தொட்டியின் சூடு அந்தப் பக்கமும் கொஞ்ச தூரம் பின்னேறி வரும்.

பழைய தோட்டத்து வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இன்னும் இருந்தால் ஒரு விதியை மறக்கக் கூடாது. தண்ணீர் ஓடும் திசையில் இரும்பு முதலில், செம்பு பிறகு. மாற்றி வைத்தால் செம்பிலிருந்து கரைந்து வருவது இரும்புக் குழாயின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். 60 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு இரும்பைச் சரியாகக் காக்காமலும் போகலாம். வெந்நீருக்குப் பழைய இரும்பை விட்டுவிடுவதே நல்லது.

சூட்டில் நீளும், சரிவில் அழுத்தும்

தண்ணீர் 40 டிகிரி சூடேறினால் 10 மீட்டர் செம்புக் குழாய் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். அதே நீள பிபிஆர் குழாய் 60 மில்லிமீட்டர் நீளும், ஏறக்குறைய நான்கு விரல் அகலம். இரண்டு முனையையும் சிமெண்டில் இறுக்கிவிட்டால் நீள்வதற்கு இடமில்லாமல் வில்லாக வளையும், எல்போக்களை இழுக்கும். நீண்ட நேர்க்கோட்டில் ஒரு வளைவாவது விட வேண்டும். கிளிப் குழாயைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

குழாய்க்குமேல் நுரை உறை போடுவது இந்தக் குளிரில் வீண் செலவு அல்ல. பிபிஆர் 20 மில்லிமீட்டர் குழாய் 10 மீட்டருக்குச் சுமார் 1.4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த அளவு ஆறிப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சூடு வரும். 25 மில்லிமீட்டர் போட்டால் 2 லிட்டருக்கு மேல். பெரிய குழாய் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

மலைச்சரிவில் அழுத்தக் கணக்கும் தனி. தண்ணீர்த் தொட்டி வீட்டைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம். 50 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 பார். பக்கத்துப் பக்கத்து லயங்களிலேயே மேல் வரிசைக்குச் சொட்டும், கீழ் வரிசைக்குப் பீறிடும். ஹீட்டர் பெட்டியில் குறைந்த அழுத்தம், அதிக அழுத்தம் இரண்டும் எழுதியிருக்கும். கீழே இருக்கும் வீட்டுக்கு அழுத்தக் குறைப்பு வால்வு தேவைப்படலாம். ஓடையிலிருந்து நேராக வரும் தண்ணீராக இருந்தால் ஹீட்டருக்கு முன்னால் மண் வடிகட்டி கட்டாயம்.

விட்டுவிடக் கூடாதவை

30 லிட்டர் தண்ணீர் 18 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் அரை லிட்டர் பெருகும். அது வெளியேறத்தான் ஹீட்டரில் பாதுகாப்பு வால்வு. அதிலிருந்து அவ்வப்போது சொட்டுவதைப் பார்த்து ‘லீக் ஆகுது’ என்று அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடைத்துவிட்ட தொட்டி வெடிக்கக்கூடும். அந்த வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் கை படாத இடத்தில் வடிய வேண்டும்.

60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடிக்குள் தோலைப் புண்ணாக்கும். தொட்டியில் அதைவிடக் குறைத்து வைப்பதும் சரியல்ல, வெதுவெதுப்பான தேங்கிய நீரில் கிருமி வளரும். தொட்டியில் 60 வைத்து, குளியலறைக்கு முன்னால் சூட்டைத் தானே கலந்து சரிசெய்யும் கலப்பு வால்வு போடுவதுதான் முறை. பாட்டியும் பேரப்பிள்ளையும் இருக்கும் வீட்டில் பணத்தை மிச்சம் பிடிக்க இது இடமல்ல.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஹீட்டருக்குத் தனி வயர், எர்த், 10 மில்லியம்பியர் கசிவுத் துண்டிப்பான் மூன்றும் வேண்டும். வீட்டுக்கு மொத்தமாக இருக்கும் 100 மில்லியம்பியர் துண்டிப்பான் ஈரக் குளியலறையில் உயிரைக் காக்கப் போதாது. ஹீட்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா, குழாயும் வால்வும் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவையா என்று கடையிலேயே கேட்கலாம்.

தரைக்கடியில் வெந்நீர்?

கொரிய நாடகங்களில் தரையில் பாய் விரித்துச் சுகமாகப் படுப்பதைப் பார்த்து, இங்கும் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கும் விடுதிக்காரர்கள் உண்டு. கொரியாவின் ‘ஒண்டோல்’ தரை முன்பு அடுப்புப் புகையால் சூடானது. இன்று சிமெண்டுக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் வெந்நீர் ஓடுகிறது. செய்ய முடியும். பகலில் 20 டிகிரிக்கு மேல் ஏறும் மலையில் அதற்கான செலவு தேவையா என்பது வேறு. மரத்தரையும் தடித்த கம்பளமும் பல வீடுகளுக்குப் போதும்.

செய்தே தீருவேன் என்பவருக்கு, பொருத்தம் பார்ப்பதில் கண்டிப்பு இன்னும் கூடும். தரைக்குள் ஓடுவது பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரித் தண்ணீர்தான், சூடு பிரச்சினை இல்லை. பிரச்சினை காற்று. சாதாரண பெக்ஸ் குழாயின் சுவர் வழியாக ஆக்சிஜன் ஊடுருவும். குளியலறைக் குழாயில் அதனால் நட்டமில்லை, தண்ணீர் புதிதாக வந்துகொண்டே இருக்கும். தரைக்குள் ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால், நுழைந்த ஆக்சிஜன் பம்பு, பாய்லர் ஆகியவற்றின் இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். எனவே ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள பெக்ஸ், அல்லது நடுவே அலுமினியத் தகடு வைத்த பல அடுக்குக் குழாய் வேண்டும். இரண்டும் 16 மில்லிமீட்டரில் கிடைத்தாலும், ஒன்றின் இணைப்பு மற்றதற்கு ஆகாது. சுவரின் தடிமனும் பார்க்க வேண்டும். அழுத்திப் பிடிக்கும் இணைப்புகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கருவியின் தாடை வடிவமே வேறு. சிமெண்டுக்குள் இணைப்பே இல்லாமல், ஒவ்வொரு சுற்றையும் ஒரே குழாயாக இழுத்து, பிரிப்புப் பெட்டியில் மட்டும் இணைப்பதே வழக்கம். அடியில் வெப்பக்காப்புப் பலகை இல்லாவிட்டால் சூடு அறைக்கு வராமல் மண்ணுக்குள் போகும்.

தரையோ சுவரோ, மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, சில மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதைக் குத்தகையாளரின் கணக்கிலேயே முதலில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஓடு பதிக்கும் ஆள் வருவதற்கு முன், குழாய் ஓடும் இடங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, அளவு நாடாவும் தெரியும்படி வைத்துக்கொண்டால், பிறகு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது எங்கே அடிக்கக் கூடாது என்பதும் தெரியும்.